மற்றும் பல போட்டிகள்

தோணிப்பேட்டையில் சூரியன் மறையாமல் நின்றுவிட்ட கதையை அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் எல்லோரும் குத்துச்சண்டைக்காரன் இடி ஜெயசீலனிடமிருந்துதான் தொடங்குவார்கள். அவன் வந்து இறங்கிய கறுப்பு வேன், அவன் போர்த்தியிருந்த சிவப்புப் பட்டு அங்கி, அவனுக்கு முன்னால் அடித்துக்கொண்டு வந்த பேண்டு மேளம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் சூரியனுக்கு வருவார்கள். அந்தச் சூரியன் யாருக்காக நின்றதோ அந்த இன்னாசியின் பெயரைச் சொன்னால் எந்த இன்னாசி என்று கேட்பார்கள். ஐஸ் ஃபேக்டரியில் பாளம் உடைக்கிறானே, அந்த இன்னாசி என்று விளக்கினால், அப்படியா, அவனும் அன்றைக்கு இருந்தானா என்பார்கள்.

அவர்கள் மேல் முழுத் தப்பும் இல்லை. குத்துச்சண்டை போஸ்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே இரண்டு பெரிய முகங்கள், முறைத்துக்கொண்டு, நடுவில் நெருப்புப் பொறி, அதற்குக் கீழே விளக்கொளியில் மாபெரும் மோதல் என்று எழுத்து, அதற்கும் கீழே தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், கோப்பை கொடுப்பவர், பந்தல் போட்டவர், எல்லோரும் முடிந்தபிறகு சுவரில் பசை வழியும் அந்த ஓரத்தில் ‘மற்றும் பல போட்டிகள்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள்தான் இன்னாசி இருந்தான். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த மீசையில் நரை தட்டும்வரை அங்கேயேதான் இருந்தான். குத்துச்சண்டைக்காரர்கள் அதை அண்டர்கார்டு என்பார்கள். பெரிய சண்டைக்கு முன்னால் நடக்கிற சின்னச் சண்டைகள், ஜனங்கள் நாற்காலி பிடிக்கவும் வேர்க்கடலை வாங்கவும் தூரத்தில் தெரிகிற மச்சானைக் கைதட்டிக் கூப்பிடவும் அவகாசம் கொடுக்கிற சண்டைகள், ஆனால் அதிலும் மூக்கு உடைந்தால் ரத்தம்தான் வரும்.

தோணிப்பேட்டையில் அந்தச் சொல் ரிங்கை விட்டு இறங்கித் தெருவெல்லாம் திரிந்தது. தலைவர் வருவதற்கு முன்னால் தொண்டை கிழியப் பேசும் வட்டச் செயலாளர் அண்டர்கார்டு. மாப்பிள்ளை வீட்டார் பெரியவளைப் பார்க்க வரும்போது அவர்களுக்குக் காபி கொண்டுபோகிற சின்னவள் அண்டர்கார்டு. பிரியாணி வருகிறவரை இலையில் காத்திருக்கும் வெங்காயப் பச்சடிகூட அண்டர்கார்டுதான். சும்மா வேடிக்கையாகச் சொல்வார்கள், யார் மனதையும் நோகடிக்க அல்ல, இன்னாசி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும் சொல்வார்கள்.

அண்டர்கார்டில் ஆடுவதுகூட இன்னாசிக்குப் பெரிய வருத்தம் இல்லை. அங்கே அவனுக்கு ஒரு முடிவு கிடைக்காததுதான் வருத்தம். போட்டி நடத்தும் கமிட்டியின் தலைவர் ஏகாம்பரத்துக்கு ராசி முக்கியம். பெரிய சண்டைக்காரன் ஏறுவதற்கு முன்னால் அந்த மேடையில் வேறு எவனும் ஜெயித்திருக்கக் கூடாது, ஜெயித்தால் மேடையின் ராசியை அவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பது அவர் அப்பா காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. அதனால் சின்னச் சண்டைகள் எல்லாம் வெயில் இருக்கும்போதே நடக்கும், பெரியவனின் பேண்டு மேளம் மைதானத்து வாசலில் கேட்டதும் எந்த ரவுண்டாக இருந்தாலும் பெல் அடித்துவிடுவார்கள், ரெஃப்ரி லாசர் இரண்டு பேர் கையையும் சேர்த்துத் தூக்குவார், சமன் என்று மைக்கில் சொல்லிவிடுவார்கள், அப்புறம் பொழுது சாயும், ஃபோகஸ் லைட்டுகள் எரியும், உண்மையான கூட்டம் அப்போதுதான் கண்ணைத் திறக்கும். இன்னாசி அதுவரை ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை. அவனோடு எப்போதும் ஜோடி சேர்க்கப்படுகிற முனிரத்தினமும் அப்படியே. முனிரத்தினம் பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவன், நல்ல இடதுகை, இரண்டு பேரும் வாலிபத்திலிருந்து ஒருவரையொருவர் அடித்து அடித்து, மற்றவன் மூச்சு விடுவதை வைத்தே அடுத்து என்ன செய்வான் என்று சொல்லக்கூடிய அளவுக்கு வந்திருந்தார்கள், ஆனால் யார் பெரியவன் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியாது.

இன்னாசியின் மனைவி பிலோமினா சண்டை பார்க்க வருவதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது. கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா எடுக்கிற வேலை அவளுக்கு. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும்போது, அவன் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றாள்.

“இதான் கடேசின்னு சொல்லிகினு இருந்த. நெசமா?”

“டாக்டர் கண்ணு நரம்பு வீக்குன்றாரு. இதோட முடிச்சிக்க வேண்டியதுதான்.”

“அப்போ ஒண்ணு கெலிச்சிட்டு வா, இல்ல தோத்துட்டு வா. எதுனா ஒண்ணு. சமன்னு சொல்லிகினு மட்டும் வூட்டுக்கு வராத, எனக்கு அந்தச் சொல்லக் கேட்டாலே பத்திகினு வருது.”

அன்றைக்கு மில் மைதானத்தில் இன்னாசி ஆடினதுபோல் அதற்கு முன் ஆடினதில்லை. மூன்றாவது ரவுண்டில் முனிரத்தினத்தைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு போய்விட்டான், விலாவில் ஒன்று, தாடையில் ஒன்று, முனிரத்தினத்தின் முழங்கால் மடங்கத் தொடங்கியது. இன்னும் ஒரே ஒரு அடி. அப்போது வாசலில் பேண்டு மேளம் கேட்டது. பெல் அடித்தார்கள். இன்னாசியின் கை பாதி வழியில் நின்றது, லாசர் அந்தக் கையையே பிடித்து முனிரத்தினத்தின் கையோடு சேர்த்துத் தூக்கினார், மைக் சமன் என்றது, இறங்கு இறங்கு என்று யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். அழுதால் சிரிப்பார்கள் என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

பொழுது சாய்ந்ததும் லைட் போடலாம் என்று எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றான். மூடிக்கிடந்த மில்லின் புகைபோக்கிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தான், அங்கேயே இருந்தது. ஜனங்கள் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டு காத்திருந்தார்கள், ஜெயசீலன் வேனுக்குள் காத்திருந்தான், கடிகாரங்கள் ஏழு என்றும் எட்டு என்றும் பத்து என்றும் தங்கள் பாட்டுக்கு ஓடின, மில் மைதானத்தில் மட்டும் மஞ்சள் வெயில் அப்படியே விழுந்துகிடந்தது. விளக்கொளியில் மோதல் என்று போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, வெயிலில் எப்படி மோதுவது என்று ஏகாம்பரம் கேட்டார். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று, நாளை எப்போது வரும் என்பது பற்றித்தான் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் வழக்கம்போல் ராத்திரி வந்தது, விடிந்தது, மறுபடி ராத்திரி வந்தது. தோணிப்பேட்டையில்தான் சாயங்காலம் நின்றுகொண்டே இருந்தது. முதலில் கோழிகள் குழம்பின, பிறகு அவையும் கடிகாரத்துக்குப் பழகின. பெண்கள் ஜன்னலுக்குப் பழைய போர்வைகளை ஆணியடித்து வீட்டுக்குள் இருட்டு உண்டாக்கிக்கொண்டார்கள். பூக்காரிகளின் கூடையில் மல்லிகை மொக்காகவே இருந்தது, விரியவும் இல்லை, வாடவும் இல்லை, அதனால் பூக்காரிகள் மட்டும் சூரியனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாயங்காலத் தொழுகைக்கு நேரம் வரவில்லையே என்று பள்ளிவாசலில் பெரியவர்கள் கூடிப் பேசி, பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பாங்கு காதில் விழுந்தால் போதும் என்று தீர்த்துக்கொண்டார்கள். இருட்டியபிறகுதான் குடிப்பேன் என்று அம்மன் கோயிலில் சத்தியம் பண்ணியிருந்த வெல்டர் ஒருவன் பாலத்தைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்து வந்து, பாலத்தின் நடுவில் போதை தெளிந்து நின்று அழுதான். புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் பாய் தலையணையோடு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள், சொந்தக்காரர்களும் முகம் கோணாமல் இடம் கொடுத்தார்கள். பஸ் கண்டக்டர் பாலம் வந்ததும் பகல் எல்லாம் இறங்கு என்று குரல் கொடுத்தார். மின்சார வாரியத்து ஆட்கள் வந்து பார்த்து, இங்கே தெருவிளக்கு எதற்கு என்று பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

ஓயாத வெயிலில் ஐஸுக்குக் கிராக்கி கூடியது. இன்னாசி இடுப்புவரை மரத்தூளில் நின்று பாளம் உடைத்தான். ஒவ்வொரு அடியும் அந்தக் கடைசி அடியாகவே அவனுக்குத் தோன்றியது, ஆனால் விழுவது ஐஸ்தான். பிலோமினா கேட்டபோது சமன் என்று சொல்ல வாய் வராமல், இன்னும் முடியல என்று சொல்லியிருந்தான். அவளும் வெளியே நின்ற வெயிலைப் பார்த்துவிட்டு அது சரிதான் என்று விட்டுவிட்டாள்.

காரணத்தை முதலில் சொன்னது யார் என்று தெரியாது, டீக்கடைப் பேச்சாகத்தான் அது ஊருக்குள் வந்தது. பெரிய சண்டையைச் சூரியன் ஒருநாளும் பார்த்ததில்லை, அது இறங்கியபிறகுதான் லைட் போடுகிறோம். அது பார்த்ததெல்லாம் சின்னச் சண்டை மட்டும்தான், நாம் கடலை வாங்கப் போன நேரத்திலும் அது கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, எத்தனை காலம்தான் அது முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போகும் என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது, நியாயம்தானே என்றார்கள். நியாயம் என்று ஒப்புக்கொண்டதும், சரி, அந்த ரெண்டு பேரை ஏதாவது பண்ணச் சொல்லி இதை முடித்துவிடுங்கள், ஜெயசீலன் சண்டையைப் பார்க்க வேண்டாமா என்றும் அதே மூச்சில் சொன்னார்கள்.

ஏகாம்பரம் ஐஸ் ஃபேக்டரிக்கே வந்துவிட்டார், கூடவே லாசரையும் முனிரத்தினத்தையும் அழைத்துவந்தார்.

“தம்பி, நீ கெலிச்சன்னு வச்சிக்குவோம்,” என்றார். “லாசரு, அவன் கையத் தூக்கு.”

லாசர் தூக்கினார். நால்வரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். சூரியன் அசையவில்லை.

“இன்னா அண்ணே இது,” என்றான் இன்னாசி. “பிச்ச போடறாப்புல.”

“அப்ப முனிரத்தினம் கெலிச்சான்.”

முனிரத்தினத்தின் கையைத் தூக்கினார்கள். அதுவும் நடக்கவில்லை. ஏகாம்பரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ரிங்கில் ஏறி ஒப்புக்கு ரெண்டு தட்டுத் தட்டி யாராவது ஒருத்தன் விழுந்துவிடுங்கள் என்று கெஞ்சினார். முனிரத்தினம் நல்லவன், ஊருக்காக என்று ஒத்துக்கொண்டான். மைதானத்தில் இன்னாசியின் கிளவுஸ் அவன் தோளில் பட்டதும் ஐயோ என்று மல்லாந்து விழுந்தான். லாசர் பத்து எண்ணினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சூரியன் இன்னும் ஒரு சாண் மேலே ஏறிக்கொண்டது, வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது, போர்வை கட்டித் தூங்கவைத்த குழந்தைகள் தெருத்தெருவாக எழுந்து அழுதன. ஊரே ஏகாம்பரத்தைத் திட்டியது.

அன்றைக்குத்தான் இன்னாசி வாயைத் திறந்து ஒன்று கேட்டான்.

“ஒயுங்கா ஆடறோம் அண்ணே. ஒருத்தன் வியிற வரைக்கும். நடுவுல மேளம் வரக்கூடாது, பெல்லு வரக்கூடாது. முடிஞ்சதும் யாரு கெலிச்சான்னு நீங்க மைக்ல சொல்லணும். பேரச் சொல்லணும்.”

“ராசி...” என்று இழுத்தார் ஏகாம்பரம்.

“அப்ப வெயில்லயே இருங்க,” என்றான் முனிரத்தினம்.

ஏகாம்பரம் சம்மதித்தார். அம்மன் மேல் ஆணை என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய கண் ஜெயசீலனின் வேன் நின்ற பக்கம் இருந்ததை இன்னாசி கவனித்தான், ஆனால் நம்பாமல் இருக்கிற அளவுக்கு அவனிடம் திராணி இல்லை.

அந்தச் சண்டைக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. மில் சுவர் மேலும் வேப்பமரத்து மேலும் ஆள், பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சனம் வந்து குவிந்திருந்தது. ரிங்கில் ஏறிச் சுற்றிலும் பார்த்த இன்னாசிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று, பிலோவைக் கூப்பிட்டிருக்கலாமே, வேலைக்கு அனுப்பிவிட்டோமே என்று ஒரு கணம் நினைத்தான். பெல் அடித்தது. இரண்டு பேரும் நடுவுக்கு வந்தார்கள். முதல் அடி விழுந்ததுமே சூரியன் மெல்ல நகரத் தொடங்கியது, அவ்வளவுதான், ஹோ என்று சத்தம் போட்டுக்கொண்டு அத்தனை கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி இறங்குது பார், இறங்குது பார் என்று காட்டினார்கள். ரிங்கைச் சுற்றி இருந்தது முழுக்க முதுகுகள்தான்.

அந்த முதுகுகளுக்கு நடுவில்தான் அவர்கள் ஆடினார்கள். இன்னாசியின் நல்ல அடி விழும்போது சூரியன் ஒரு விரல் இறங்கும், கூட்டம் கைதட்டும், கைதட்டல் சூரியனுக்கு. முனிரத்தினத்தின் இடதுகை இன்னாசியின் புருவத்தைக் கிழித்தபோது இன்னொரு விரல் இறங்கியது, விசில் பறந்தது, விசிலும் அதற்குத்தான். இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பும்போது, இன்னாசிக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, ஒருத்தனாவது திரும்பிப் பாருங்களேன்டா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எதிர்க் கார்னரைப் பார்த்தான். முனிரத்தினம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் முகத்திலும் அதே ஆத்திரம் இருந்தது. அப்புறம் இருவரும் கூட்டத்தை மறந்துவிட்டார்கள், ஒருவனை ஒருவன் மட்டும் பார்த்தார்கள், இத்தனை காலமும் மேளத்துக்குப் பயந்து அவசர அவசரமாக ஆடிய ஆட்டத்தை அவசரம் இல்லாமல் ஆடினார்கள், மூச்சை வாங்கி விட்டு, காலைப் பார்த்து வைத்து, ஏமாற்றி, ஏமாந்து, அடித்து, அடி வாங்கி, ரவுண்டுக்குப் பின் ரவுண்டாக, சூரியன் புகைபோக்கியின் விளிம்பைத் தொட்டு, அதன் பின்னால் பாதி மறைந்து, கால்வாசி ஆகி, ஒரு கீற்றாகி நிற்கும்வரை ஆடினார்கள். அந்தக் கீற்று வெளிச்சத்தில்தான் முனிரத்தினம் இடதுகையைத் தூக்கிய நொடியில் இன்னாசி உள்ளே நுழைந்து தாடையில் ஒன்று கொடுத்தான். பாதி வழியில் நிற்காமல் அந்த அடி போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

முனிரத்தினம் விழுந்தான். லாசர் குனிந்து எண்ணினார். கீற்று அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. பத்து என்றதும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்போல் சூரியன் சட்டென்று போய்விட்டது.

இருட்டென்றால் அப்படி ஒரு இருட்டு, தெருவிளக்குக்கும் பியூஸ் இல்லாத இருட்டு, வெகுகாலம் காத்திருந்து வந்த இருட்டு. மைதானம் முழுக்க ஆர்ப்பரித்தது, தெரியாதவர்களைக்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், எங்கேயோ மல்லிகை மொத்தமும் ஒரே நேரத்தில் விரிந்து வாசனை வந்தது. அந்த இருட்டுக்குள் லாசரின் கை தடவித் தடவி வந்து இன்னாசியின் மணிக்கட்டைப் பிடித்ததும், மேலே தூக்கியதும் இன்னாசிக்குத் தெரிந்தது. தூக்கிய கை அவன் கண்ணுக்கே தெரியவில்லை. அவன் அப்படியே நின்றான். லைட்டைப் போடுங்களேன் என்று கேட்டான், யாருக்குக் கேட்கும். பெரியவன் ஏறும்போதுதான் லைட் என்பது ஏகாம்பரத்தின் இன்னொரு ராசி.

பேண்டு மேளம் ஆரம்பித்தது. யாரோ இன்னாசியின் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள், பிறகு முனிரத்தினத்தையும் இறக்கினார்கள். மைக் கரகரத்தது. ஏகாம்பரத்தின் குரல்தான்.

“அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, இதுவரை நடைபெற்ற போட்டிகள் அனைத்தும் சமனில் முடிவடைந்தன.”

அப்போது லைட்டுகள் எரிந்தன. வெறும் ரிங் பளபளவென்று வெளிச்சத்தில் நின்றது. இன்னாசி அந்த வெளிச்சத்துக்கு வெளியே, கயிற்றுக்குக் கீழே, கிளவுஸைக்கூடக் கழற்றாமல் நின்றான். லாசரைப் பார்த்தான், லாசர் தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் யாரிடம் கேட்பது, சாட்சி சொல்லக்கூடிய சூரியனும் மறைந்துபோய்விட்டது என்று நினைத்தபோது அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான், இந்த முறை முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை, அழுதான்.

பக்கத்தில் கிடந்த முனிரத்தினம் எழுந்ததை அவன் பார்க்கவில்லை. முனிரத்தினம் கயிற்றைப் பிடித்து, ஒரு காலை வைத்து, வழுக்கி, மறுபடி வைத்து மேலே ஏறினான். உதடு பிளந்து தாடை ஒரு பக்கமாகத் தொங்க வெளிச்சத்தின் நடுவில் போய் நின்றான்.

“சமன் இல்ல,” என்றான்.

மேளச் சத்தத்தில் அது கேட்கவில்லை. மைக்கை எட்டிப் பிடுங்கினான்.

“ஏகாம்பரண்ணே, சமன் இல்ல. இன்னாசி கெலிச்சான். ஐஸ் ஃபேக்டரி இன்னாசி. நான் தோத்தேன். நல்லா அடி வாங்கி, நெசமா தோத்தேன். இம்மாங் காலம் காத்துகினு இருந்து வாங்கின தோல்வி அண்ணே இது. இதயும் எங்கிட்டேர்ந்து புடுங்கிக்காத.”

மைக் பட்டென்று நின்றது, ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னாசி மண்ணிலிருந்து எழுந்து, கிளவுஸ் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான். ஏகாம்பரத்தின் ஆட்கள் இருவர் ஏறி முனிரத்தினத்தை ஆளுக்கொரு கையாகப் பிடித்தார்கள். இழுக்க இழுக்க அவன் தோத்துட்டேன், நான் தோத்துட்டேன் என்று ரத்தம் ஒழுகும் வாயால் சிரித்துக்கொண்டே சொன்னான். அத்தனை சந்தோஷமாக ஒருவன் தோற்பதைத் தோணிப்பேட்டை அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, எல்லோரும் ஜெயசீலன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.